பாதி காற்று, பாதி தண்ணீர்

சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஏழாவது மாடி. மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்தக் கண்ணாடியோரம் உட்கார்ந்திருந்த நண்பருக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவரிடமிருந்து பதினைந்து அடி தள்ளி, ஏசி காற்று இறங்கும் இடத்துக்கு நேர் கீழே இருந்த அக்கா ஆண்டு முழுவதும் சால்வை போர்த்தியிருப்பார். இருவருக்கும் நடுவில் தூணில் மாட்டியிருந்த சின்னத் திரை 23 டிகிரி என்று காட்டும். நண்பர் போன் செய்தால் பராமரிப்புத் தம்பி வந்து 21 ஆக்கிவிட்டுப் போவார். கால் மணி நேரத்தில் அக்கா போன் செய்வார். மறுபடியும் 23. கண் கூசுகிறது என்று கண்ணாடி முழுக்கத் திரைச்சீலையை இறக்கியிருப்பார்கள். அதனால் உச்சிவெயில் நேரத்திலும் உள்ளே வரிசை வரிசையாக விளக்கு எரியும்.

அந்தச் சின்னத் திரை தவறாகக் காட்டவில்லை. காற்றின் வெப்பநிலை இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் உடம்புக்குக் காற்று மட்டும் கணக்கில்லை. எதிரில் இருக்கும் சுவர், கண்ணாடி, கூரை, தரை எல்லாவற்றோடும் நம் தோல் ஓயாமல் வெப்பத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் காற்றே தேவையில்லை. கதிர்வீச்சாகவே நடக்கிறது.

சித்திரை மாதத்துப் பிற்பகலில் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். வெளியே அனல் வீசும். மண்டபத்துக்குள் காற்றும் அப்படியொன்றும் குளிர்ந்திருக்காது. ஆனாலும் உட்கார்ந்த சில நிமிடங்களில் உடம்பு தணிகிறது. சுற்றியுள்ள கல் நம்மைவிடக் குளிர்ந்திருப்பதால் நம் வெப்பம் அதை நோக்கிப் போகிறது. இதற்கு நேர்மாறான அனுபவம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் படுக்கையறை. இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டாலும் தூக்கம் வராது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை அதைப் படுத்திருப்பவர்மேல் இறக்கிக்கொண்டிருக்கும்.

சும்மா உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 120 வாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். வியர்வை, மூச்சு வழியே போவது ஒரு பங்கு. மீதியில் ஏறத்தாழப் பாதி கதிர்வீச்சாகப் போகிறது. நண்பரின் பக்கத்தில் இருந்த கண்ணாடி மாலையில் தொட முடியாத அளவுக்குச் சுடும். அவரால் அந்தப் பக்கம் வெப்பத்தை இறக்க முடியாது, வாங்கத்தான் முடியும். அவரைத் தணிக்க நாங்கள் காற்றை மேலும் மேலும் குளிர வைத்தோம். அந்தக் குளிர் அக்காவின் தோளில் இறங்கியது.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஹைதராபாத்தில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். அதன்பின் எந்த அலுவலகத்துக்குள் போனாலும் முதலில் கூரையை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஹைதராபாத்தின் கிழக்கே, வாரங்கல் சாலையில் போச்சாரம். அங்குள்ள தன் வளாகத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரு மென்பொருள் அலுவலகக் கட்டடம் எழுப்பி 2011இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதை நடுவில் பிரித்து இரண்டு சமபாதியாகக் கட்டினார்கள். ஒவ்வொரு பாதியும் சுமார் ஒன்றேகால் லட்சம் சதுர அடி. சுவர் ஒன்று, ஜன்னல் ஒன்று, விளக்கு ஒன்று, வேலை நேரம் ஒன்று, மேலே காயும் வெயிலும் ஒன்று. ஒரு பாதியை வழக்கம்போலக் குளிர்ந்த காற்றால் குளிர்வித்தார்கள். மறுபாதியில் கான்கிரீட் கூரைக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர்.

ஒரே வயலில் ஒரு பாத்தியில் பழைய விதை, அடுத்த பாத்தியில் புது விதை என்று போட்டுப் பார்ப்பது உழவருக்குப் பழக்கமானது. மண்ணும் மழையும் ஒன்றாக இருந்தால்தான் விளைச்சலில் உள்ள வேறுபாட்டை விதையின் கணக்கில் எழுத முடியும். கட்டடத்தில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டடம் மிச்சப்படுத்துகிறது என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கணினி போட்ட கணக்குதான் பதிலாக வரும். போச்சாரத்தில் அந்தப் பதில் சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்தது. காற்றால் குளிர்வித்த பாதியையும் அவர்கள் ஏனோதானோ என்று செய்யவில்லை. தேவைக்கேற்பக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான் அதில் இருந்தது. தோற்கடிப்பதற்கென்றே ஒரு சோப்ளாங்கியை எதிரில் நிறுத்தாததால்தான் அந்தச் சோதனையின்மேல் எனக்கு மதிப்பு.

தண்ணீருக்கு வருமுன் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் சுவர்தான் முதலில் வருகிறது.

மாலை நான்கு மணி வெயில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600, 700 வாட் அளவில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி இருந்தாலே ஒரு கிலோவாட் ஆயிற்று. மேசைக்குப் பக்கத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு, அதன் சூட்டைப் போக்க ஏசியும் போட்டதுபோல. எங்கள் அலுவலகத்தில் அப்படி நூறு இஸ்திரிப் பெட்டிகள் இருந்திருக்கும். உள்ளே தொங்கவிட்ட திரைச்சீலை கண் கூச்சத்தைத்தான் குறைக்கும். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்டபின் அது திரையைச் சுடவைத்தால் என்ன, தரையைச் சுடவைத்தால் என்ன, அறைக்குள் வந்த சூடு அறைக்குள்தான். அதைக் கண்ணாடிக்கு வெளியே தடுத்திருக்க வேண்டும்.

வெளியே தடுக்க நம் ஊரில் பழைய வழி உண்டு. தாழ்வாரம், இறவாணம், சன்ஷேடு. தெற்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் இவை போதும். அந்தத் திசைகளில் பெரும்பாலும் சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் வெயில் படும். ஏப்ரல் கடைசியில் சென்னையின் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை சற்றே வடக்கில் சாய்ந்து நிற்கும். ஒன்றிரண்டு அடி நீட்டிய பலகையே அதை மறித்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் சூரியன் கண் மட்டத்துக்கு இறங்கி வருவதால் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். ஆகவே கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டிப் படுக்கவைத்து, நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி செய்து, குறுகிய பக்கங்களில் ஜன்னலை முடிந்தவரை தவிர்ப்பதுதான் நம் அட்சரேகைக்கு ஏற்றது. இதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வரைபடத்தின் முதல் நாளில் எடுக்கும் முடிவு இது. முப்பதாவது நாளில் எடுக்க முடியாது.

போச்சாரம் கட்டடத்தில் சுவரின் பெரும்பகுதி சுவராகவே இருந்தது. வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு வைத்த சுவர். ஜன்னல்களுக்கு வெளியே நிழல். கண்ணாடியும் எல்லாவற்றையும் உள்ளே விடும் சாதாரண ரகம் இல்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வேலை பார்க்க நமக்குத் தேவை முதல் பகுதி மட்டுமே. கண்ணாடியின் உட்பரப்பில் மிக மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றினால் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளிச்சத்தை விடும். அந்த வெளிச்சமும் ஜன்னலோரத்தில் கொட்டிக் கிடக்காமல் உள்ளே வரவேண்டும். அதற்கு ஜன்னலைக் கீழ் மேலாக இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு பலகையை நீட்டுகிறார்கள். மேல் ஜன்னலில் வரும் ஒளி பலகையில் பட்டு, வெள்ளைக் கூரையில் தெறித்து, அறையின் நடுப்பகுதிவரை பரவுகிறது. அலுவலகம் அளவான அகலத்தில் இருந்தால் பகலில் பெரும்பாலான விளக்குகளை அணைத்துவிடலாம். எரியும் விளக்கு ஒவ்வொன்றும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. அணைத்த விளக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதோடு, அது தரவிருந்த சூட்டை அகற்றும் வேலையையும் மிச்சம் பிடிக்கிறது.

இவ்வளவும் செய்தபின் உள்ளே மிஞ்சுவது ஆட்களின் சூடு, கணினியின் சூடு, சுவரைத் தாண்டி வந்த கொஞ்சம் வெயில். இதை வெளியே எடுத்துப் போக வேண்டும். எதில் ஏற்றி எடுத்துப் போவது?

காற்றில் ஏற்றலாம். வழக்கமாக அதைத்தான் செய்கிறோம். ஆனால் காற்று மிக லேசான வண்டி. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். பத்து கிலோவாட் வெப்பத்தை ஒரு தளத்திலிருந்து அகற்ற, ஐந்து டிகிரி சூடேறும் தண்ணீர் என்றால் வினாடிக்கு அரை லிட்டர் போதும். விரல் பருமன் குழாய் இரண்டில் அது ஓடிவிடும். பத்து டிகிரி சூடேறும் காற்று என்றால் வினாடிக்கு 800 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும். அதற்குத்தான் ஆள் நுழையும் அளவுக்குத் தகரக் குழல்கள், அவற்றை மறைக்கப் பொய்க்கூரை, காற்றைத் தள்ள ராட்சத விசிறிகள். பெரிய அலுவலகங்களின் ஏசிக் கணக்கில் குளிரை உண்டாக்கும் செலவு ஒரு பக்கம் இருக்க, அதை ஊர்வலம் அழைத்துப் போகும் விசிறியின் செலவு தனியாக ஒரு பெருந்தொகை.

தண்ணீர் வழியில் இன்னொரு லாபம் இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர், வெப்பத்தை இறைக்கும் ஏற்றம். கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு உழைப்பு. தண்ணீர் பத்தடியில் கிடந்தால் சிறுவனும் இறைப்பான். நாற்பதடிக்குப் போனால் மாடு வேண்டும். சில்லருக்குக் கிணற்றின் ஆழம் என்பது, குளிர்விக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு. காற்றைக் குளிர்விக்கும் முறையில் தண்ணீரை 7 டிகிரி அளவுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் காற்று வேண்டிய அளவு குளிர்ந்து அதிலுள்ள ஈரமும் வடியும். கூரையையே குளிர்விக்கும் முறைக்கு 14, 16 டிகிரி தண்ணீர் போதும். கூரை அவ்வளவு பெரிய பரப்பு, அது 20, 21 டிகிரியில் இருந்தாலே கீழே இருப்பவர் உடம்பு தணிந்துவிடும். கிணற்றின் ஆழம் ஏழெட்டு அடி குறைந்துவிட்டது. தண்ணீரின் குளிர்ச்சியில் ஒரு டிகிரி விட்டுக்கொடுத்தால் சில்லரின் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் குறையும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஏழெட்டு டிகிரிக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

அந்தக் கூரை எப்படி உருவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்ததும், கொத்தனார்கள் கான்கிரீட்டைக் கொட்டுமுன் இன்னொரு குழு உள்ளே வருகிறது. கட்டைவிரல் பருமனுள்ள வளையும் பிளாஸ்டிக் குழாயைச் சுருளிலிருந்து அவிழ்த்து, ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் முன்னும் பின்னுமாக மடித்து மடித்துக் கம்பியோடு கட்டிக்கொண்டே போகிறார்கள். கோலத்தில் சிக்குக்கோடு போவதுபோல ஒரே குழாய் ஒரு பகுதி முழுவதும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். நடுவில் ஒட்டுப் போட மாட்டார்கள். பிறகு குழாயை அடைத்து உள்ளே அழுத்தம் ஏற்றி முனையில் ஓர் அழுத்தமானியை மாட்டிவிடுகிறார்கள். கான்கிரீட் கொட்டும்போதும், வைப்ரேட்டர் ஓடும்போதும், ஆட்கள் பூட்ஸ் காலோடு மிதித்து நடக்கும்போதும் ஒருவருடைய கண் அந்த முள்ளிலேயே இருக்கும். முள் இறங்கினால் எங்கோ குழாய் குத்துப்பட்டுவிட்டது. இறுகுமுன் கான்கிரீட்டை வாரி எடுத்துச் சரிசெய்ய வேண்டும். இறுகியபின் ஒன்றும் செய்ய முடியாது. அதன்பிறகு அந்தக் கூரையில் நினைத்த இடத்தில் துளை போட்டு விளக்கு மாட்டவும் முடியாது. எந்த விளக்கு எங்கே என்பதை முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

குளிர்ந்த கூரை என்றதும் நம் ஊர்க்காரருக்கு வரும் முதல் கேள்வி, சொட்டாதா என்பதுதான். சரியான கேள்வி. மோர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது ஏன்? காற்றில் உள்ள ஈரம் தன் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராக மாறும். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் வெளிக்காற்றின் பனிநிலை 24, 25 டிகிரியில் இருக்கும். 20 டிகிரிக் கூரைக்குக் கீழே அந்தக் காற்றை விட்டால் மேசையெல்லாம் மழைதான். அதனால் இந்த முறையில் வெப்பத்தையும் ஈரத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். வெப்பம் கூரையின் வேலை. ஈரம் சிறிய தனி இயந்திரத்தின் வேலை. மூச்சுவிடத் தேவையான புதுக்காற்றை மட்டும் உள்ளே எடுத்து, அதை நன்றாக உலர்த்தி அறைக்குள் விடுகிறது அது. அளவு கொஞ்சம்தான் என்பதால் குழலும் சிறிது, விசிறியும் சிறிது. அறைக்குள் ஈரம் ஏறினால் உணர்விகள் கண்டுபிடித்துக் கூரைத் தண்ணீரின் வெப்பநிலையை உயர்த்திவிடும்.

ஏசியின் பிறப்பே ஈரத்தைப் பிடிக்கத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததுதான் முதல் நவீன ஏசி. ஈரத்தில் காகிதம் விரிந்து, அடுத்தடுத்து அடிக்கும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. மழைநாளில் காகிதம் படுத்தும் பாடு சிவகாசி அச்சகங்களில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே வேலை காற்றின் ஈரத்தைக் குறைப்பது. ஆட்களுக்குக் குளிர்ச்சி என்பது பின்னால் வந்தது. ஒரே இயந்திரம் இரண்டையும் சேர்த்துச் செய்ததால் இரண்டும் ஒரே வேலை என்று நாம் பழகிவிட்டோம்.

குளிர்ந்த கூரைக்கு ஓர் எல்லை உண்டு. சொட்டாமல் அது எடுக்கக்கூடிய வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு எழுபது, எண்பது வாட்தான். என் பழைய அலுவலகம் போன்ற கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்தால் மேற்குப் பக்கத்தை நாலு மணிக்கு அது சமாளிக்காது. வெயிலை முதலிலேயே வெளியே நிறுத்திய கட்டடத்தில்தான் இந்த நிதானமான முறை வேலை செய்யும். ஆகவே தண்ணீர்க் குழாயை மட்டும் வாங்கி எந்தக் கட்டடத்திலும் பொருத்திவிடலாம் என்று நினைக்கக் கூடாது. வாடிக்கையாளர் வந்து போகக் கதவு எந்நேரமும் திறந்து மூடும் துணிக்கடைக்கும் இது ஒத்துவராது.

போச்சாரத்தில் இரண்டு ஆண்டு அளந்து பார்த்ததை இன்ஃபோசிஸின் குருபிரகாஷ் சாஸ்திரியும் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரம்சியும் 2014இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் இதழில் எழுதினார்கள். தண்ணீரால் குளிர்ந்த பாதி, காற்றால் குளிர்ந்த பாதியைவிட 34 சதவீதம் குறைவான மின்சாரத்தில் குளிர்ந்தது. இரு பக்கத்திலும் வேலை செய்தவர்களிடம் கேட்டபோது, தண்ணீர்ப் பாதியில் திருப்தி சொன்னவர்கள் அதிகம். கட்டிய செலவு இரண்டுக்கும் ஏறத்தாழச் சமம், தண்ணீர்ப் பாதிக்குச் சற்றுக் குறைவு.

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். மின்சாரத்தைச் சேமிக்கும் கட்டடம் என்றால் கூடுதல் செலவு, அது பத்து ஆண்டில் திரும்பி வரும் என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே கூரைக்குள் அத்தனை குழாய் ஓடியும் செலவு கூடவில்லை. காரணம், பெரிய தகரக் குழல்கள் போயின, பெரிய விசிறிகளும் அவற்றுக்கான அறைகளும் சுருங்கின. ஒன்றைக் குறைத்ததால் இன்னொன்று தானாகக் குறைந்தது.

இந்தச் சங்கிலியை இன்னும் எளிமையாகக் காட்டும் ஒரு பழைய நிகழ்வு உண்டு. 1997இல் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனம் சீனாவின் ஷாங்காயில் தொழிற்சாலை கட்டியது. அதில் வெப்பத்தைக் கொண்டுசெல்லும் ஒரு குழாய்ச் சுற்றுக்கு 70.8 கிலோவாட் பம்புகள் வேண்டும் என்று வழக்கமான வடிவமைப்பு சொன்னது. யான் ஸ்கில்ஹாம் என்ற பொறியாளர் அதை எடுத்து மறுபடி வரைந்தார். 5.3 கிலோவாட் போதும் என்றாயிற்று. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. குழாயைப் பருமனாக்கினார். குழாயில் ஓடும் நீரின் உராய்வு, விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு நேர்மாறாகக் குறையும். விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால் உராய்வு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அடுத்து, வழக்கத்துக்கு மாறாகக் குழாய்களை முதலில் நேராக வரைந்துவிட்டு அவற்றுக்கேற்ப இயந்திரங்களை வைத்தார். இயந்திரங்களை வசதிப்பட்ட இடங்களில் வைத்துவிட்டுப் பிறகு குழாயை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பிக் கொண்டுபோவதுதான் எல்லாரும் செய்வது. ஒவ்வொரு திருப்பத்திலும் பம்பு மல்லுக்கட்ட வேண்டும். பருமனான குழாய்க்குக் கூடிய செலவைச் சின்னப் பம்பும் சின்ன மோட்டாரும் ஈடுகட்டிவிட்டன. சிங்கப்பூர்ப் பொறியாளர் லீ எங் லாக்கிடம் ஸ்கில்ஹாம் கற்றுக்கொண்டது இந்தப் பார்வை. நம் வீட்டுக் குழாய் வேலைக்காரரும் முழங்கை வளைவு குறைந்தால் தண்ணீர் நன்றாக வரும் என்றுதான் சொல்வார்.

பிறகு ஏன் எல்லாரும் இப்படிக் கட்டுவதில்லை? பயமும் பழக்கமும் முதல் காரணம். இத்தனை சதுர அடிக்கு ஒரு டன் என்று ஒரு வாய்ப்பாடு கையில் இருக்கிறது. இருநூறு சதுர அடிக்கு ஒரு டன் என்றால் ஒரு லட்சம் சதுர அடிக்கு 500 டன். அந்தக் கட்டடத்தின் சுவர் எப்படி, ஜன்னல் எந்தத் திசை என்று வாய்ப்பாடு கேட்பதில்லை. குறைவாகப் போட்டுப் புழுங்கினால் பொறியாளரைத் திட்டுவார்கள். அதிகமாகப் போட்டதற்காக யாரும் திட்டுவதில்லை. ஆகவே அவர் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுவார்.

டன் என்ற அந்தச் சொல்லுக்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி என்றால் அது இயந்திரத்தின் எடை இல்லை. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாளில் முழுதும் உருகும்போது சுற்றிலுமிருந்து உறிஞ்சும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி. கிலோவாட்டில் சொன்னால் மூன்றரை. இயந்திரங்கள் வருமுன் குளிர்ச்சி என்றாலே பனிக்கட்டிதான் என்பதால் அந்த அளவை நிலைத்துவிட்டது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அதைச் சேமிக்க 1842இல் கட்டியதுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரை எதிரில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பாதி உலகம் கடந்து வந்த அந்தப் பனிக்கட்டியை அவர்கள் கனத்த சுவருக்குள் பொத்திப் பொத்தி வைத்தார்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் கப்பல் கூலி கொடுத்தவர்களுக்குச் சுவரின் மதிப்பு தெரிந்திருந்தது.

இரண்டாவது காரணம் பணம் போகும் வழி. கட்டுபவர் ஒருவர், வாடகைக்கு வந்து மின்கட்டணம் செலுத்துபவர் இன்னொருவர். சுவரில் மிச்சம் பிடித்தால் லாபம் முதலாமவருக்கு, அதனால் ஏறும் யூனிட்டுக்கான செலவு இரண்டாமவருக்கு. ஆலோசகரின் ஊதியத்தை இயந்திரங்களின் விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்தால், இயந்திரத்தைச் சிறிதாக்கும் பொறியாளர் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். இந்தியாவில் வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு 2007இலேயே வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. அதைக் கட்டாயமாக்குவது ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் விட்டிருந்ததால் நடைமுறை மெதுவாகவே நகர்ந்தது. நாட்டின் குளிரூட்டல் தேவை 2017-18இல் இருந்ததைப் போல 2037-38க்குள் எட்டு மடங்காகும் என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம் கணித்திருக்கிறது. அந்தக் கூடுதல் தேவையில் பெரும்பகுதி இனிமேல்தான் கட்டப்படப்போகும் சுவர்களுக்குள் இருக்கிறது.

கட்டி முடித்துவிட்ட கட்டடங்களை என்ன செய்வது? என் நண்பரின் மேற்குக் கண்ணாடியை நினைத்துக்கொண்டே இதைக் கேட்கிறேன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. 2000களின் கடைசியில் அதைப் புதுப்பிக்க வந்தபோது, பழைய சில்லர்களை எடுத்துவிட்டு இன்னும் பெரியவற்றை வைப்பதுதான் முதல் திட்டமாக இருந்தது. கணக்குப் போட்டவர்கள் வேலையைத் தலைகீழாக மாற்றினார்கள். முதலில் ஜன்னல். மொத்தம் 6,514 ஜன்னல்கள். இரட்டைக் கண்ணாடிகளைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஐந்தாம் தளத்தில் அமைத்த பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டி, இடைவெளியில் வாயு நிரப்பி மூடினார்கள். கண்ணாடியில் ஏறத்தாழ முழுவதும் பழைய கண்ணாடியேதான். ஜன்னலோடு விளக்கையும் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளையும் மாற்றியதும், அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு குளிர்ச்சியே தேவைப்படவில்லை. பெரிய சில்லர்கள் வாங்கவில்லை. இருந்தவற்றையே பழுதுபார்த்து ஓட்டினார்கள். வாங்காமல் விட்ட சில்லர்களின் விலை ஜன்னல் வேலைக்கு உதவியது. கட்டடத்தின் ஆற்றல் செலவை 38 சதவீதம் குறைப்பது இலக்காக இருந்தது.

அந்தப் பட்டறை இயங்கிய நாட்களில் அலுவலகங்கள் எதையும் மூடவில்லை. மாலையில் ஆட்கள் வீட்டுக்குப் போனபின் ஜன்னலைக் கழற்றி எடுத்துப் போவார்கள். படலம் ஏறிய கண்ணாடி ஐந்தாம் தளத்திலிருந்து மேலே ஏறி வந்து, தான் பல ஆண்டுகளாக இருந்த அதே சட்டத்தில் மறுபடி உட்காரும்.